மறித்துச் சோதித்தலும் ஆயுதமற்றோரும்: ஐக்கிய அமெரிக்க வழக்குகள் சில பற்றிய ஒரு நோக்கு

சட்டத்தின் வரலாறு பெரும்பாலும் வழக்குகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வழக்காக மாறாத நிகழ்வுகள் அதில் இடம்பெறுதல் அரிது. தெருவிற் செல்வோரை மறித்து, அவரிடம் சுடுகலன் உண்டோ எனச் சோதிக்கும் பொலிஸ் அதிகாரம் ஐக்கிய அமெரிக்காவில் வளர்ந்த முறையை ஆராயுமிடத்து இக்குறைபாடு தெளிவாகப் புலப்படும். ஆயுதத்துடன் அகப்பட்டவர் மன்றத்துக்கு வருகின்றார். சோதிக்கப்பட்டு, ஒன்றுமில்லை என விடப்பட்டவர் வீட்டுக்குச் செல்கின்றார். இவ்வதிகாரத்தின் எல்லைகள் முன்னவரின் வழக்குகளைக் கொண்டே வகுக்கப்பட்டன என்பதை நாம் ஈண்டு நோக்குவோம்.

1963ஆம் ஆண்டு ஒக்ரோபர் 31ஆம் நாட் பிற்பகல். ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரின் கடைத்தெருவில், 39 ஆண்டுகள் பொலிஸ் சேவையிற் கழித்த மாட்டின் மக்பாடன் என்னும் துப்பறிவாளர் சாதாரண உடையில் நின்றார். ஜோன் ரெறி, றிச்சேட் சில்ற்றன் என்னும் இரு கறுப்பினத்தவர் மாறி மாறி நடந்து, ஒரே கடையின் கண்ணாடியினூடே உள்ளே நோக்குவதையும், பின்னர் கூடிப் பேசுவதையும் அவர் கண்டார். காட்ஸ் என்னும் வெள்ளையர் ஒருவரும் இடையில் வந்து பேசிச் சென்றார். கொள்ளைக்கு ஆயத்தமாகின்றனர் எனக் கருதிய மக்பாடன், மூவரும் மீண்டும் ஒன்றாக நின்ற வேளை அணுகிப் பெயர் கேட்டார். விடை தெளிவாக வரவில்லை. உடனே ரெறியைப் பற்றித் திருப்பி, அவருடைய மேலாடையைத் தடவினார். கைத்துப்பாக்கி ஒன்று தட்டுப்பட்டது. சில்ற்றனிடமும் ஒன்று இருந்தது. காட்ஸிடம் எதுவும் இருக்கவில்லை. மூவரும் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனராயினும், மறைத்து ஆயுதந் தாங்கிய குற்றம் ரெறி மீதும் சில்ற்றன் மீதுமே சாட்டப்பட்டது. காட்ஸ் என்பாரை வாசகர் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

1791இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் நான்காந் திருத்தம் நியாயமற்ற தேடுதல்களைத் தடைசெய்தது. அதனை மீறிப் பெற்ற சான்றுகளை மாநில நீதிமன்றங்களும் ஏற்கலாகாது என உயர் நீதிமன்றம் 1961இல் விதித்தது. அவ்விதிக்குக் காரணமான மப் வழக்கும் கிளீவ்லாந்திலேயே எழுந்தது. கைதுசெய்தற்குப் போதிய காரணம் மக்பாடனிடம் இருக்கவில்லை என்பது தெளிவு. எனினும் 1968 யூன் 10ஆம் நாள் எட்டு நீதியரசர்கள் அவர் செயலை ஏற்றனர். தீர்ப்பை எழுதிய பிரதம நீதியரசர் ஏர்ல் வாறன், விசாரிக்கும் உத்தியோகத்தரின் உயிர்ப் பாதுகாப்பையே அடிப்படையாகக் கொண்டார். எதிரிலிருப்பவர் ஆயுதந் தாங்கிய ஆபத்தானவர் என நியாயமாகச் சந்தேகித்தால் மேலாடையைத் தடவிப் பார்க்கலாம். ஆயுதந் தவிர வேறெதனையுந் தேடுதற்கு அது வாயிலன்று. மாறுபட்ட ஒரே நீதியரசரான வில்லியம் டக்ளஸ், நீதிபதிக்கே இல்லாத அதிகாரம் பொலிசாருக்கு அளிக்கப்படுகின்றது என வாதிட்டார். அக்கூற்று மிகையன்று. பிடியாணை வழங்கும் நீதிபதிக்குங்கூடப் போதிய காரணம் காட்டப்பட வேண்டுமன்றோ!

ஆயின் நம் கருத்தை ஈர்ப்பது வாறனின் தீர்ப்பிலேயே காணப்படும் ஓர் ஒப்புதலாகும். சிறுபான்மையினர், சிறப்பாகக் கறுப்பினத்தவர், பொலிசாரின் தொல்லை குறித்து முறையிடுகின்றனர் என்பதையும், சான்றை விலக்குவதால் அத்தொல்லை நின்றுவிடாது என்பதையும் அவர் குறிப்பிட்டார். வழக்குத் தொடரும் நோக்கமே இல்லாத உத்தியோகத்தரைச் சான்று விலக்கு எங்ஙனம் அச்சுறுத்தும்? நோயைச் சரியாகக் கண்டறிந்த மன்றம், தன் மருந்து அதற்கு உதவாது என்று கூறி, அதனையே அதிகாரத்தைத் தளர்த்துதற்கான நியாயங்களுள் ஒன்றாக்கியது. ரெறியும் சில்ற்றனும் எவ்வினத்தவர் என்பதைத் தீர்ப்பு கூறவேயில்லை.

2000ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலத்து வழக்கொன்றில் மன்றம் சற்று உறுதி காட்டியது. கட்டம்போட்ட சட்டையணிந்து பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் கறுப்பின இளைஞனிடம் துப்பாக்கி உண்டு என, பெயர் கூறாத ஒருவர் தொலைபேசியில் அறிவித்திருந்தார். துப்பாக்கி என்றாலே விதிவிலக்கு வேண்டும் என அரச தரப்புக் கோரியது. அதனை ஒன்பது நீதியரசரும் ஒருமனதாக மறுத்தனர். சிறுவனிடம் துப்பாக்கி இருந்தமையாலேயே வழக்கு மேலே சென்றது. அவனுடன் நின்ற, எக்குற்றமும் கூறப்படாத வேறிருவரும் அன்று தடவிச் சோதிக்கப்பட்டனர். தீர்ப்பில் அவர்களுக்குக் கிடைத்த இடம் ஒரு வாக்கியமே.

இவ்வாறு வாக்கியங்களுள் மறைந்தோர் எத்தனை பேர் என்பது நியூயோர்க் நகரிலேயே கணக்கிற்கு வந்தது. அங்கு உத்தியோகத்தரின் பாதுகாப்புக்கெனப் பிறந்த அதிகாரம், தெருவிலிருந்து துப்பாக்கிகளை அகற்றுங் கொள்கையாக உருமாறியிருந்தது. ஃபுளொயிட் வழக்கு குற்றவியல் வழக்கன்று. மறிக்கப்பட்டோரே நகரத்தின் மீது தொடுத்த குடியியல் வழக்கு. பொலிசார் தாமே நிரப்பிய படிவங்களிலிருந்து, 2004 சனவரி முதல் 2012 யூன் வரை 44 இலட்சம் மறிப்புகள் நிகழ்ந்தமை தெரியவந்தது. அவற்றுள் 52 வீதமானவற்றில் உடற்சோதனையும் நிகழ்ந்தது. அச்சோதனைகளுள் ஆயுதம் அகப்பட்டவை 1.5 வீதமே. மறிக்கப்பட்டோரில் ஏறத்தாழ 83 வீதத்தினர் கறுப்பினத்தவரும் இஸ்பானிய வழியினரும் ஆவர். 2013 ஓகஸ்ற்றில் நீதிபதி ஷிரா ஷைன்ட்லின் நகரத்தின் நடைமுறை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தார். மறித்துச் சோதித்தலை முற்றாக அவர் தடைசெய்யவில்லை. 2011இல் 6,85,000ஐத் தாண்டியிருந்த மறிப்புகள் 2014இல் 50,000க்குங் கீழே இறங்கின. குற்றம் பெருகும் என அஞ்சியோர் பலர். ஆனால் 2017இல் நகரின் கொலைகள் 300க்குங் குறைவாகவே இருந்தன. மறிப்புக் குறைந்தமையாலேயே கொலை குறைந்தது என நாம் கூறத் துணியோம். அச்சம் மெய்ப்படவில்லை என்பதே போதும்.

2022இல் மற்றொரு திருப்பம் நேர்ந்தது. பொது இடத்திற் கைத்துப்பாக்கி கொண்டுசெல்லும் உரிமையை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு யூனில் ஏற்று, 1911 முதற் கட்டுப்பாடு விதித்து வந்த நியூயோர்க் சட்டத்தின் முக்கிய நிபந்தனை ஒன்றை நீக்கியது. அதே மாதம் ஒகையோவில், 21 வயது நிரம்பியோர் சட்டத் தடை எதுவும் இல்லாவிடின் அனுமதிப்பத்திரமின்றியே துப்பாக்கியை மறைத்துக் கொண்டுசெல்லலாம் என்னுஞ் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டைப்பையில் துப்பாக்கி தட்டுப்பட்டமை ஒன்றே குற்றத்துக்குச் சான்றாகும் காலம் அங்கு கழிந்துவிட்டது. மேலாடையைத் தடவும் அதிகாரமோ 1968இல் வகுத்தவாறே நிற்கின்றது.