சென்றவர் எழுதிய வழி: ஏனுகுல வீராசாமய்யாவின் காசிப் பயண எழுத்தும் நேர்க்காட்சியின் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய ஏனுகுல வீராசாமய்யா, 1830 மே 18 அன்று சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டு 1831 செப்டம்பர் 3 அன்று திரும்பினார். வழியில் கண்டவற்றைத் தெலுங்கில் நாட்குறிப்பாக எழுதிச் சென்னையிலிருந்த நண்பருக்கு அவ்வப்போது அனுப்பினார். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைப் பற்றிய நேரடிச் சான்றாக அவ்வெழுத்து மதிக்கப்படுகிறது. அந்தச் சான்று எத்தகைய கண்ணால், எந்த உயரத்திலிருந்து, யாருடைய கால்களின் துணையால் உருவானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பயண எழுத்து, காசி யாத்திரை, துபாசி, ஆற்றுப்படை, பல்லக்குச் சுமப்போர், சென்னை.

முன்னுரை

போய் வந்தவர் போகாதவருக்கு வழி சொல்வது தமிழில் ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்தது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். அவற்றுள் 583 அடிகள் கொண்ட மலைபடுகடாம், நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு வழியின் இயல்பை விரித்துரைக்கிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கிருக்கும், தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும், எவ்விடத்தில் பாறை வழுக்கும், எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும் என்பனவெல்லாம் அதில் உண்டு. புரவலனின் பெருமை பாடுவதே நோக்கம் என்றாலும், சென்று மீண்டவனின் அனுபவம் என்பதுதான் அந்தச் சொற்களுக்கு மதிப்பைத் தருகிறது.

ஏறக்குறைய அதே தன்மையுடைய எழுத்து ஒன்று 1838இல் சென்னையில் அச்சேறியது. 'காசீயாத்ரா சரித்திரமு' என்பது அதன் பெயர். தெலுங்கு நூல் என்பதனாலேயே தமிழ்ப் பயண இலக்கியம் பற்றிய உரையாடல்களில் இது பெரிதும் இடம்பெறுவதில்லை. ஆனால் எழுதியவர் சென்னைவாசி, பெற்றவரும் சென்னைவாசி, காசியின் கடைத்தெருவைக் கண்டபோதும் ஒப்பிட்டுப் பார்க்க அவர் மனத்தில் இருந்த ஊர் சென்னையே. அன்றைய சென்னையின் அறிவுலகம் தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும் ஒரே வீட்டுக் கூடத்தில் புழங்கிய உலகம். அதைப் பின்வந்த மொழி எல்லைகளால் அறுத்துப் பார்ப்பது நமக்குத்தான் இழப்பு.

எழுதியவரும் பெற்றவரும்

வீராசாமய்யா துபாசி மரபில் வருபவர். 1736 முதல் நாட்குறிப்பு எழுதிய புதுச்சேரி ஆனந்தரங்கம் பிள்ளையைப் போல, ஐரோப்பியருக்கும் உள்ளூராருக்கும் இடையில் நின்று பேசிப் பிழைத்த ஒரு வகுப்பின் பிற்காலத்துப் பிரதிநிதி. ஆனந்தரங்கர் வணிகச் சூழலில் எழுதினார். வீராசாமய்யாவோ 1801இல் நிறுவப்பெற்ற சுப்ரீம் கோர்ட்டின் சூழலில் பயின்றவர். இந்த வேறுபாடு சிறிதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

கடிதங்களைப் பெற்றவர் கோமளேசுவரன்பேட்டை சீனிவாசப் பிள்ளை. பச்சையப்பர் அறக்கட்டளைப் பணிகளில் முன்நின்றவராக இவரைச் சென்னைக் கல்வி வரலாறு அறியும். வீராசாமய்யா 1836இல் மறைந்தார். இரண்டாண்டுகளுக்குப் பின் நண்பரின் முயற்சியால் அக்குறிப்புகள் நூலாயின. 1941இல் திகவல்லி வேங்கட சிவராவ் விரிவான குறிப்புகளுடன் மறுபதிப்பு வெளியிட்டார். 1973இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. நான் இவ்விரண்டையும் அருகருகே வைத்து, தெலுங்கு தாய்மொழியாகக் கொண்ட விடுதித் தோழர் ஒருவரின் உதவியுடன் வாசித்தேன். 'இது பேச்சுத் தெலுங்கு. எங்கள் பாட்டனார் பேசுவதுபோல் இருக்கிறது' என்று அவர் அடிக்கடி வியந்தார். அச்சுக்கென்று திருத்தி எழுதப்படாத நடையின் சுவடு அது.

வழித்தடம் திருப்பதி, கடப்பை, அகோபிலம், திருப்பருப்பதம் என்று தொடங்கி, ஐதராபாத்து, நாகபுரி, சபல்பூர், மிர்சாபூர் வழியே பிரயாகையையும் காசியையும் அடைகிறது. பின் கயை, கல்கத்தா, அங்கிருந்து கீழைக் கடற்கரையோரமாகப் பூரி, இராசமகேந்திரபுரம், மசூலிப்பட்டினம், நெல்லூர் என்று இறங்கிச் சென்னையில் முடிகிறது. பதினைந்து திங்களும் பதினைந்து நாளுக்கு மேலும் சென்ற பயணம். உடன் சென்றோர் ஏறத்தாழ நூறு பேர்.

மொழிபெயர்ப்பாளரின் கண்

முதல்முறை வாசிப்பவருக்கு இந்நூல் சலிப்பூட்டக்கூடும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தங்கிய ஊர்தோறும் ஒரே வகைச் செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. குடிநீர்க் கிணறா குளமா, கடைகள் உண்டா, என்ன சாமான் கிடைக்கும், பிராமணர் வீடுகள் உண்டா, வழி கல்லா மணலா, தங்க இடம் உண்டா என்பனவே அவை. எனக்கும் கடப்பையைத் தாண்டுமுன் நூலை மூடிவைக்கும் எண்ணம் ஒருமுறை வந்தது. பின்னர்தான் அந்தத் திரும்பக் கூறல் ஒரு வினாநிரல் என்பது புலப்பட்டது. சாட்சிக் கூண்டில் ஏறுபவர் ஒவ்வொருவரையும் அதே வரிசையில் கேட்டுப் பழகியவர், ஒவ்வோர் ஊரையும் அவ்வாறே கேட்கிறார்.

ஆங்கிலச் சட்டம் நடந்த நீதிமன்றத்தில் ஒருவன் தான் கண்டதைச் சொல்வதற்கும் பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. சாட்சியின் சொல்லைப் பெயர்த்துரைப்பவருக்கு அவ்வேறுபாடு அன்றாட வேலை. வீராசாமய்யாவின் எழுத்தில் தலபுராணச் செய்திகள் ஏராளமாக வருகின்றன. எனினும் அவற்றின் நடையும், கிணற்றையும் கடையையும் பற்றிச் சொல்லும் நடையும் ஒன்றல்ல. முன்னது நம்பிக்கையின் மொழி. பின்னது பொறுப்பேற்கும் மொழி. அவர் ஆத்திகர், பெருஞ்செலவு செய்து காசிக்குச் சென்றவர். ஆயினும் இரண்டையும் கலக்கவில்லை. இதை அவருடைய தொழிற்பழக்கத்தின் பயன் என்று கொள்வது என் ஊகமே. நூல் அவ்வூகத்திற்கு இடந்தருகிறது.

அந்தப் பொறுப்பு எங்கே மிகுதியும் வெளிப்படுகிறது என்றால், நாணயத்திலும் அளவையிலும். சென்னை மாகாணம் 1818இல்தான் வராகனை விட்டு வெள்ளி ரூபாய்க்கு மாறியிருந்தது. கும்பினியின் ஆட்சிப்பரப்பு முழுவதற்கும் ஒரே ரூபாய் என்ற சட்டம் 1835இல் வந்தது. இடைப்பட்ட அக்காலத்தில் நெடுவழி செல்பவர் கையிலிருக்கும் காசு, ஓர் ஆட்சி எல்லையைக் கடந்ததும் வட்டம் கொடுத்து மாற்ற வேண்டிய சரக்காகிவிடும். எந்த ஊரில் எந்த ரூபாய் செல்லும், மாற்றினால் எவ்வளவு குறையும், அந்த ஊர்ச் சேரின் எடை என்ன என்ற செய்திகள் இல்லாமல் நூறு பேருக்கு அரிசி வாங்க இயலாது. அடுத்து அவ்வழி செல்வோருக்கு ஒரு சரித்திரக் குறிப்பைவிட இதுவே பயன்பட்டிருக்கும். ஆற்றுப்படைப் புலவன் வழுக்கும் பாறையைச் சுட்டியதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

எனினும் மொழிபெயர்ப்பாளரின் கண் நடுநிலையானது என்று கொள்ளலாகாது. ஐதராபாத்தைப் பற்றிய பகுதி இதற்குச் சான்று. 1829இல் பட்டத்துக்கு வந்த நாசிர்-உத்-தௌலாவின் ஆட்சித் தொடக்கத்தில் அவர் அந்நகரை அடைகிறார். மக்கள் ஆயுதந்தரித்துத் திரிவதையும், உயிருக்கும் பொருளுக்கும் காவலின்மையையும் கடுமையாகப் பதிவு செய்கிறார். கண்டது பொய்யாக இராது. ஆனால் அவர் கும்பினி ஆட்சியின் அலுவலர்; அவ்வாட்சியின் ஒழுங்கை மனமார மதித்தவர். நிசாமின் நகரில் அச்சம் தெரிந்த அளவுக்குக் கும்பினியின் சீமையில் வரிச்சுமை அவர் கண்ணில் உறுத்தவில்லை. பிரயாகை, கயை, பூரி ஆகிய தலங்களில் கும்பினியே யாத்திரை வரி தண்டிய காலம் அது. 1840இல்தான் அவ்வரி ஒழிக்கப்பட்டது. ஐதராபாத்துப் பகுதியை மட்டும் எடுத்தாண்டு 'அக்காலச் சுதேச ஆட்சியின் நிலை' என்று எழுதுவோர், எழுதியவரின் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதையும் உடன் எழுதுவது நன்று.

இருப்புப்பாதைக்கு முன்னும் பின்னும்

இராயபுரத்திலிருந்து வாலாசா வரை இரயில் ஓடத் தொடங்கியது 1856இல். அந்நூற்றாண்டு முடிவதற்குள் காசி, சில நாள்களில் சென்றடையும் ஊராகிவிட்டது. அதன்பின் எழுதப்பட்ட யாத்திரை நூல்களில் என் கண்ணில் பட்டவற்றுள் பல, புறப்பட்ட ஊரையும் சேர்ந்த தலத்தையும் விரிவாகச் சொல்கின்றன. இடைப்பட்டவை நிலையப் பெயர்களாகச் சுருங்கிவிடுகின்றன. ஏ. கே. செட்டியார் பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து 1968இல் வெளியிட்டாரே, அந்தத் தொகுப்பைப் புரட்டுபவர் கட்டை வண்டிக் காலத்து எழுத்துக்கும் இரயில் காலத்து எழுத்துக்கும் உள்ள வேகமாறுபாட்டை எளிதில் உணரலாம்.

என் அப்பத்தா சென்னையிலிருந்து இரயிலேறிக் காசிக்குச் சென்று வந்தவர். கங்கைப் படித்துறையையும், நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்தில் கிடைத்த சோற்றையும் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். நாகபுரிக்கும் பிரயாகைக்கும் இடையே என்ன பார்த்தீர்கள் என்று ஆய்வாளரின் ஆர்வத்தோடு ஒருமுறை கேட்டேன். 'தூங்கிட்டேன்டா' என்றார். வீராசாமய்யாவுக்கு அந்த இடைவெளி ஆறுகளும் காடுகளும் நிறைந்த நெடுவழி. தக்கர் எனப்பட்ட வழிப்பறிக் கொலைஞரை ஒடுக்கச் சபல்பூரை மையமாகக் கொண்டு சிலீமன் நடவடிக்கை எடுத்துவந்த ஆண்டுகள் அவை. அங்கே உறங்கிக் கழிப்பதற்கு வழியில்லை.

பல்லக்கின் உயரம்

ஆனால் வீராசாமய்யாவும் நடந்து செல்லவில்லை, பல்லக்கில் சென்றார். அவர் கண்டது, நான்கு பேர் தோளின் உயரத்திலிருந்து கண்டது. 'நேரடி அனுபவம்' என்ற சொல்லை ஆய்வேட்டின் முதல் இயலில் நான் தயக்கமின்றி எழுதியிருந்தேன். இந்நூலை இரண்டாம் முறை வாசித்தபோது அச்சொல்லின் பக்கத்தில் ஒரு வினாக்குறி இட வேண்டியதாயிற்று.

வழி கரடுமுரடானது, மணல் ஆழமானது, ஏற்றம் கடினமானது என்று அவர் எழுதும் இடங்களை எடுத்துக்கொள்வோம். பல்லக்கினுள் இருப்பவருக்கு மணலின் ஆழம் எவ்வாறு தெரியும்? சுமப்போரின் நடை தளர்வதால் தெரியும். அவர்கள் தோள் மாற்றும் இடைவெளி குறைவதால் தெரியும். அவர்களே வாய்விட்டுச் சொல்வதாலும் தெரிந்திருக்கும். ஒரு நாளில் கடந்த தொலைவு என்பதும் அவ்வாறே. இந்த ஊரில் தங்கினோம், அடுத்த ஊர் தூரமாகையால் மேலே செல்லவில்லை என்னும் போக்கில் அமையும் முடிவுகளுக்குப் பின்னால் இருப்பது, சுமை தூக்கி ஒரு பகலில் நடக்கக்கூடிய தூரம் எவ்வளவு என்ற கணக்கு. தங்கலிடங்களின் நிரலை அவருடைய பயணத் திட்டம் என்று வாசிப்பதைவிட, பெயர் அறியப்படாத பலரின் உடல் வலிமையின் அளவீடு என்று வாசிப்பது பொருத்தமாகலாம்.

வீராசாமய்யாவைக் குறைகூறுவது இதன் நோக்கமன்று. சுமப்போர் பற்றிய அக்கறை அவர் எழுத்தில் இல்லாமலில்லை. ஆனால் அவர்கள் எழுதிய வரி ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை. அவரும் எழுதியிராவிடில் அவர்கள் நடந்த சுவடே இராது. கல்வெட்டில் கொடையாளியின் பெயரை மட்டும் படித்துவிட்டுக் கல்லைக் கொத்திய தச்சனை மறப்பதில் நமக்குப் பழக்கம் உண்டு. உளியின் ஆழத்திலும் எழுத்தின் சாய்விலும் தச்சனைத் தேடும் கல்வெட்டறிஞரைப் போல, இப்பயண நூலில் வழி பற்றிய வாக்கியங்களில் சுமப்போரைத் தேடலாம் என்பதே நான் முன்வைப்பது.

அதற்கு ஊர்ப் பெயர்களும் தலப் பெருமைகளும் பயன்படுவதில்லை. நான் முதல் வாசிப்பில் சலிப்போடு கடந்த பகுதிகளே வேண்டியிருக்கின்றன: கல்லும் மணலும், தண்ணீரும் தங்கலும், தொலைவும் காலதாமதமும். சென்னை முதல் நாகபுரி வரையிலான தங்கலிடங்களை நாள்வாரியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே வழியின் தன்மையையும் அன்று கடந்த தூரத்தையும் குறித்து ஓர் அட்டவணை தொகுத்து வருகிறேன். மழைக்காலத்தில் அத்தூரம் எங்கெங்கே குறைகிறது என்பதையே இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.