உரத்தைப் பிடித்து வைக்கும் மண்



கம்போங் ராஜா மலைச்சரிவுகளில் தேயிலைக்கு உரம் போடுகிறோம். மறுநாளே மழை கொட்டுகிறது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறும் மலை இது. உரமோ உப்பைப்போல் நீரில் கரைந்துவிடும் பொருள். அப்படியிருந்தும் அது முழுவதும் ஓடிப்போகாமல் பல நாள் செடிக்குக் கிடைக்கிறதே, எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் நிலம் வைத்திருந்த எச். எஸ். தாம்சன். 1845-ஆம் ஆண்டில் அவர் மண்ணில் அம்மோனியம் சல்பேட் உப்பைச் சேர்த்து, அதன் வழியே நீரை வடித்துப் பார்த்தார். தேயிலைக்குப் போடும் உரங்களில் இந்த உப்பும் ஒன்று. வடிந்த நீரில் அம்மோனியம் மிகவும் குறைந்திருந்தது. அதற்குப் பதிலாகச் சுண்ணாம்புச் சத்தான கால்சியம் வந்திருந்தது.

இதைக் கேள்விப்பட்ட தாமஸ் வே என்னும் ரசாயன நிபுணர், பல வகை மண்ணையும் பல வகை உப்புகளையும் எடுத்துச் சோதித்து, 1850-லும் 1852-லும் தம் முடிவுகளை வெளியிட்டார். அம்மோனியம், பொட்டாசியம் போன்றவற்றை மண் பிடித்துக்கொள்கிறது. நைட்ரேட், குளோரைடு போன்றவை தங்காமல் போய்விடுகின்றன. இந்தப் பிடிப்புச் சக்தி பெரிதும் களிமண்ணில் இருக்கிறது என்றார். எவ்வளவு அம்மோனியம் உள்ளே போகிறதோ, அதற்கு ஈடான கால்சியம் வெளியே வருகிறது என்றும் கண்டார். நெரிசலான பஸ்ஸில் ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடியும் அல்லவா? அதே கணக்குதான். ஆனால் ஒருமுறை ஏறியவர் இறங்கவே மாட்டார் என்றும் வே நம்பினார். அது சரியல்ல என்பது பின்னர் தெரிந்தது. இறங்காவிட்டால் செடிக்கு ஏது உணவு? வேர் ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்து அம்மோனியத்தை வாங்கிக்கொள்கிறது.

அயனி என்றால் என்ன? உப்பு நீரில் கரையும்போது மின்னேற்றம் உள்ள துகள்களாகப் பிரிகிறது. சில நேர்மின் கொண்டவை, சில எதிர்மின் கொண்டவை. இவற்றுக்குத்தான் அயனிகள் என்று பெயர். களிமண் துகளின் மேற்பரப்போ பெரும்பாலும் எதிர்மின் கொண்டது. மாஸ்கோவில் ரொய்ஸ் என்பவர் 1809-லேயே ஈரக் களிமண்ணில் மின்சாரம் பாய்ச்சினார். களிமண் துகள்கள் நேர்மின் முனையை நோக்கி நகர்ந்தன. மின்சார விளக்கு வீடுகளுக்கு வருவதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பு நடந்த சோதனை இது!

எதிர்மின் பரப்பு நேர்மின் அயனிகளை இழுக்கிறது. அவை பரப்பையொட்டி ஒழுங்கான ஒரே வரிசையாக நிற்பதாக ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1879-ல் விளக்கினார். பிரான்சு நாட்டு கூய் 1910-லும், இங்கிலாந்தின் சாப்மன் 1913-லும் அதைத் திருத்தினார்கள். வெப்பத்தால் அயனிகள் ஓயாமல் அலைகின்றன; ஆகவே சம்பள நாளன்று மிட்டாய்க்காரரைச் சுற்றும் பிள்ளைகளைப்போல, அருகில் நெருக்கமாகவும் தள்ளிப்போகப் போக அரிதாகவும் இருக்கின்றன.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெரியவர்கள் இதை வேறு வடிவில் பார்த்திருப்பார்கள். பாலில் உள்ள ரப்பர் துகள்களும் எதிர்மின் கொண்டவை. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. பார்மிக் ஆசிட் ஊற்றியதும் நேர்மின் கொண்ட ஹைட்ரஜன் அயனிகள் துகள்களை மொய்த்து அந்தத் தள்ளலைத் தணிக்கின்றன. பால் உறைகிறது.

மீண்டும் நம் மலைக்கு வருவோம். வெப்ப நாடுகளில் நீண்ட காலம் மழையில் கரைந்து பழுத்த களிமண்ணுக்குப் பிடிப்புச் சக்தி குறைவு. அந்தக் குறையைப் பெருமளவு ஈடு செய்வது மக்கிய இலைதழைதான். அதுவும் எதிர்மின் பரப்பு உடையது. கவாத்து வெட்டிய கிளைகளையும் இலைகளையும் வரிசைகளுக்கு இடையே விட்டுவைப்பதை வெறும் சோம்பேறித்தனம் என்று சிலர் நினைப்பதுண்டு. உண்மையில் அது மண்ணுக்குப் புதிய பரப்பைச் சேர்க்கும் வேலை. உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவதற்கும் காரணம் இருக்கிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியத்தைச் சிறிது சிறிதாக நைட்ரேட்டாக மாற்றுகின்றன. எதிர்மின் கொண்ட நைட்ரேட்டைப் பிடித்து வைக்க ஆளில்லை.

இத்தனைக்கும் மேல்மண் இருந்தாக வேண்டும். சரிவை வெறுமையாக விட்டால் மழை களிமண்ணையே வாரிக்கொண்டு போகிறது. துகளைச் சூழ்ந்த அம்மோனியமும் பொட்டாசியமும் கூடவே போகின்றன. நம் பக்கத்துத் தெலோம் ஆற்று நீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே திருப்பப்பட்டு, ரிங்லெட் நீர்த்தேக்கத்தை அடைகிறது. 1963-ல் மின்சாரத்துக்காகக் கட்டி முடித்த அந்தத் தேக்கத்தில், மேட்டு நிலங்களிலிருந்து வந்த சேறு பெருமளவு படிந்து, நீர் கொள்ளும் இடத்தைக் குறைத்துவிட்டது. அதைத் தூர் வாரவே பெருஞ்செலவு ஆகியிருக்கிறது.