மேகத்துக்குள்ள ஒரு ஓட்டை

லண்டன்ல டொர்னாடோன்னு சொன்னா நம்ம மக்கள் சிரிப்பாங்க. "அது அமெரிக்காக்காரன் சமாச்சாரமாச்சே!" ஆனா 1091 அக்டோபர்லயே இந்த ஊரை ஒண்ணு புரட்டிப் போட்டிருக்கு. செயின்ட் மேரி லெ போ தேவாலயத்தோட கூரை பிய்ந்து, உத்திரங்கள் தரைக்குள்ள செருகி நின்னதா பழைய குறிப்புகள் சொல்லுது. அவ்வளவு தூரம் போவானேன்? 2006 டிசம்பர் 7, வடமேற்கு லண்டன், கென்சல் ரைஸ். நூத்துக்கும் மேற்பட்ட வீடுகள் சேதம், 6 பேருக்குக் காயம்.

டொர்னாடோவை நம்ம ஊர் புயலோட குழப்பிக்காதீங்க. புயலுக்கு நூத்துக்கணக்கான கி.மீ. அகலம், இது பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். பலமான டொர்னாடோக்கள் பெரும்பாலும் பிறக்கிறது, சுழன்றுகிட்டே நகரும் ஒருவகை ராட்சத இடிமேகத்துல. அந்த மேகத்தோட உள்கட்டமைப்பைப் புரிஞ்சுக்கிட்டதுல லண்டனுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டாம் உலகப்போர்ல விமானத்தைத் தேடின ரேடார்க்காரங்களுக்கு மழை ஒரு தொல்லை, திரையை மறைக்கும். போர் முடிஞ்சதும் அந்தத் தொல்லையே ஆராய்ச்சி ஆயிடுச்சு. 1953 ஏப்ரல் 9 அன்னிக்கு அமெரிக்காவின் இல்லினாய்ஸ்ல, மழையளக்க வச்சிருந்த ஒரு ரேடார்ல, மேகத்தோட ஓரத்துல கொக்கி மாதிரி ஒரு வடிவம் பதிவாச்சு. அங்கேதான் டொர்னாடோ! சரி, ஏன் கொக்கி? அது அப்போ புரியலை.

1959 ஜூலை 9. லண்டனுக்கு மேற்கே இருக்கிற வோக்கிங்ஹாம் ஊர் மேல ஒரு பயங்கர ஆலங்கட்டி மழை. டன்ஸ்டபிள் பக்கம் ஈஸ்ட் ஹில்லில் இருந்த ரேடார்கள் அதை அடுக்கடுக்கா, வெவ்வேற உயரத்துல பதிவு பண்ணிச்சு. இம்பீரியல் காலேஜ்ல ஃப்ராங்க் லட்லமும், அவர்கிட்ட ஆராய்ச்சி மாணவரா இருந்த கீத் பிரௌனிங்கும் அந்தப் பதிவுகளை அலசினாங்க.

மேகத்தோட பலமான பகுதியை ஒட்டியே ஒரு காலி இடம். சுத்தி சுவர் மாதிரி எதிரொலி, மேல கூரை, உள்ள ஒண்ணுமே இல்லை. ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் நடக்கலைன்னுதானே நாம நினைப்போம்? இவங்க தலைகீழா யோசிச்சாங்க. அங்கே காத்து அவ்வளவு வேகமா மேல ஏறுது; ரேடார் கண்ணுக்குத் தெரியற அளவுக்குத் துளி வளர நேரமே கிடைக்கலை. அதாவது அந்த ஓட்டைதான் மேகத்தோட மூச்சுக்குழாய்! புயலோட கண்ணும் ரேடார்ல ஓட்டையாத்தான் தெரியும், ஆனா அங்கே காத்து கீழ இறங்கும். இது நேர் எதிர்.

இந்த ஆய்வு 1962ல வெளியாச்சு. இந்த வகை மேகத்துக்கு 'சூப்பர்செல்'னு பேர் வச்சதும் பிரௌனிங்தான். அப்புறம் அவர் அமெரிக்கா போய், ரால்ஃப் டொனால்ட்சனோட சேர்ந்து ஓக்லஹோமாவின் கியரி புயலை ஆராய்ஞ்சப்போ, அதே காலி இடம் அங்கேயும் இருந்துச்சு.

அடுத்தது டாப்ளர் ரேடார். ரயில் நம்மளை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் கீச்சுன்னும், தாண்டிப் போனதும் கட்டையாவும் கேக்குமே, அதே தத்துவம். துளிகள் ரேடாரை நோக்கி வருதா, விலகிப் போகுதான்னு சொல்லிடும். பக்கத்துப் பக்கத்துல ரெண்டும் நடந்தா, சுழற்சி. 1973 மே 24, ஓக்லஹோமாவின் யூனியன் சிட்டி: டொர்னாடோ தரையைத் தொடறதுக்கு 20 நிமிஷத்துக்கும் முன்னாடியே மேகத்துக்குள்ள அதோட சுழற்சி உருவாகியிருந்தது, பிறகு பதிவுகளைப் பார்த்தப்போ தெரிஞ்சுது. குழந்தையைத் தூக்கிக்கிட்டு பாதுகாப்பான இடத்துக்கு ஓட அந்த நேரம் போதும்.

நம்ம சென்னையில துறைமுகப் பக்கம் டாப்ளர் ரேடார் வந்தது 2002ல.

ஆனா ரேடாருக்கும் எல்லை உண்டு. கதிர் நேரா போகும், பூமி வளையும். தூரம் கூடக் கூட, தரைக்கிட்ட நடக்கறது தெரியாது. சின்ன டொர்னாடோ கதிரோட அகலத்துக்குள்ளயே ஒளிஞ்சுக்கும். அதனால இன்னிக்கும் கடைசி வார்த்தை, ஜன்னல் வழியா வானத்தைப் பாக்கறவங்களோடதுதான்.

அடுத்த தடவை ரேடார் படம் பாக்கும்போது செவப்பா இருக்கிற இடத்தை மட்டும் பாக்காதீங்க மக்கா. பக்கத்துல ஓட்டை எதுவும் இருக்கான்னும் பாருங்க.