திரும்பி வந்த 263 பேர்

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறது. காய்கறி மூட்டைக்கும் ஆட்டோவுக்கும் ஒதுங்கி நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்குத்தான் அது கண்ணில் படும். ஆங்கிலத்தில் சில வரிகள். இந்த ஊரிலிருந்து 277 பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர்நீத்தார்கள் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்கிறது. பெயர் ஒன்றுகூடக் கிடையாது. சென்னை மாகாணத்தில் இதே வாசகத்தோடு வேறு ஊர்களிலும் கல் பதித்தார்கள். ஊர்ப்பெயரும் எண்ணிக்கையும் மட்டும் மாறும்.

277இல் 14 போனால் 263. அத்தனை பேரும் வீடு திரும்பினார்கள். கல்யாணம் கட்டினார்கள் அல்லது கட்டிவிட்டுப் போன பெண்ணிடமே வந்து சேர்ந்தார்கள். பிள்ளை பெற்றார்கள், நிலத்தையும் தறியையும் பார்த்தார்கள், மூப்படைந்து போய்ச் சேர்ந்தார்கள். அவர்களைப் பற்றிச் சொல்ல அந்தக் கல்லுக்கு ஒன்றுமில்லை. பட்டாளத்துத் தந்தையரை நினைவுகூரும் மலருக்குக் கட்டுரை கேட்டபோது எனக்கு அந்த 263 பேர் ஞாபகம்தான் வந்தது.

செத்தவனுக்கு மட்டும் கல் வைப்பது வெள்ளைக்காரன் ஆரம்பித்த வழக்கம் அல்ல. ஆம்பூரில் ஒன்பதாம் நூற்றாண்டு நடுகற்கள் இரண்டு உண்டு. பல்லவன் நிருபதுங்கனின் 26ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தவை. நுளம்பன் படை மாடு பிடிக்க வந்தபோது எதிர்த்து நின்று மடிந்தவர்களுக்காக எடுத்த கற்கள். பாலாற்றுக்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட நிலம் முழுக்க இப்படிப்பட்ட கற்கள் சிதறிக் கிடக்கின்றன. கல்லைத் தேடிக் காண்பது முதல் நட்டு வாழ்த்துவது வரை தொல்காப்பியம் ஆறு துறை வகுத்துக் கொடுத்திருக்கிறது. பென்ஷன் புத்தகத்தோடு வீடு வந்து சேர்ந்தவனுக்கு அதில் ஒரு துறையும் இல்லை. செத்தவனைப் பாடுவது எளிது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அவன் மறுத்துப் பேசமாட்டான்.

இந்தப் பகுதி ஏன் இத்தனை சிப்பாய்களைக் கொடுத்தது என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. கோட்டை இருந்தது, கோட்டையைச் சுற்றிப் போர் நடந்தது. 1749இல் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் மாண்டதே ஆம்பூர்ப் போரில்தான். மழையை நம்பிய நிலம், மணலாய்க் கிடக்கிற பாலாறு. தோல் ஷாப்பு, தீப்பெட்டி, பீடி, கைத்தறி லுங்கி என்று குடியாத்தத்துக்கும் ஆம்பூருக்கும் வேறு பிழைப்புகள் இருந்தன. அவற்றில் எதுவும் வயதான காலத்தில் மாதாமாதம் பணம் கொடுக்காது, பட்டாளம் கொடுத்தது. கணியம்பாடி அருகே கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். வீட்டுக்கு ஒருவர் என்பது அங்கே பெருமைக்குச் சொல்கிற மிகைப்பேச்சு இல்லை.

ஆனால் லாங் பஜார் கல்லில் எண்ணிக்கையாகிப்போனவர்களுக்குப் பின்னால் ஒரு வெட்டு விழுந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியான் போர்க்குணம் இல்லாதவன் என்று முடிவு கட்டினார். அந்த எண்ணமும் செலவுக் கணக்கும் சேர்ந்து, முதல் உலகப் போர் முடிந்தபின் சென்னைக் காலாட்படைப் பிரிவுகளை ஒவ்வொன்றாகக் கலைக்க வைத்தன. 1758இல் தொடங்கிய பரம்பரை அது. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டதும் போர்க்குணம் எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டது. மதராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். இடையில் கலையாமல் நின்றது பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மதராஸ் சாப்பர்ஸ் மட்டும். பாலம் கட்டுகிறவர்கள், கண்ணி எடுக்கிறவர்கள். மற்றப் படைக்காரர்கள் அவர்களைத் ‘தம்பி’ என்று கூப்பிடுவார்கள். காஞ்சிபுரம் பக்கத்து சுபேதார் சுப்பிரமணியன் அந்தத் தம்பிகளில் ஒருவர். 1944 பிப்ரவரியில் இத்தாலியில், வெடிக்கவிருந்த கண்ணியின் மேல் தன் உடம்பைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றினார். அதற்காக அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள்.

என் அப்பாவும் சாப்பர்தான். 1962 சீனப் போருக்குப் பின் நிறைய ஆளெடுத்த காலத்தில் சேர்ந்தவர். பெய்லி பாலத்தின் ஒரு பேனல் ஏறத்தாழ 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டில் கட்டிலை நகர்த்துவதற்கும் தெருவில் ஆள் கூப்பிடுவார்.

திரும்பி வந்தவர்களின் வரலாற்றைத் தேட வேண்டுமானால் கல்லை விட்டுவிட்டுக் காகிதத்துக்குப் போக வேண்டும். பட்டாளத்தில் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்று ஒன்று உண்டு. சிப்பாய்க்குக் கல்யாணம் ஆனாலும் பிள்ளை பிறந்தாலும் அது அந்த ஆணையில் வெளிவர வேண்டும். வெளிவராத பிள்ளை, பட்டாளத்தைப் பொறுத்தவரை பிறக்காத பிள்ளை. குடியாத்தத்தில் அரசு ஆஸ்பத்திரியிலோ தாய்வீட்டுத் திண்ணையறையிலோ குழந்தை பிறக்கும். தகப்பன் சிக்கிமில் ஒரு மலைப்பாதையில் இருப்பான். கடிதம் போய்ச் சேர்ந்து, விண்ணப்பம் எழுதி, ஒரு கிளார்க் ஒற்றை வரியில் அதைப் பதிவு செய்வான். இந்த மண்ணின் ஆயிரக்கணக்கான ஆண்கள் தந்தையானதற்கு எழுத்தில் இருக்கும் சாட்சி அந்த ஒற்றை வரிதான். அதில் மனைவி பெயர் ஓர் எழுத்து மாறினால், முப்பது வருஷம் கழித்து விதவை குடும்ப பென்ஷனுக்கு அலைய வேண்டும். தமிழ்ப் பெண் பெயரை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாத ஒருவரால் இந்த மாவட்டத்தில் எத்தனை கிழவிகள் நடந்து தேய்ந்தார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

இன்னொரு காகிதம் மணியார்டர் பாரம். அதன் அடியில் செய்தி எழுத விரல்நீள இடம் விட்டிருப்பார்கள். தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அந்தத் துண்டைக் கிழித்துத் தருவார். எங்களுக்கு வந்த தகப்பன்மொழி பெரும்பாலும் அந்த அளவுக்குள் அடங்கியதுதான். பதில் போடுகிற முகவரியில் ஊரே இருக்காது. எண், பெயர், பிரிவு, பிறகு ராணுவ அஞ்சலகத்தின் எண்: 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. அப்பா எந்த ஊரில் இருக்கிறார் என்று பள்ளியில் கேட்டால், ‘ஐம்பத்தாறு’ என்று சொன்ன பிள்ளைகள் நாங்கள்.

இனி சிப்பாயின் பக்தி விஷயத்துக்கு வருகிறேன். 1805 நவம்பரில் சென்னைப் படைத் தளபதி கிரேடாக் புது உடை விதி போட்டார். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது. தலையில் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை. மறுத்தவர்களில் ஓர் இந்துவுக்கும் ஓர் இஸ்லாமியருக்கும் தலா 900 கசையடி விதித்தார்கள். 1806 ஜூலை 10 விடியலில் வேலூர்க் கோட்டை வெடித்தது. திப்புவின் பிள்ளைகள் அங்கே காவலில் இருந்ததும் சம்பளக் குறையும் காரணங்கள்தாம். என்றாலும் சிப்பாயின் நெற்றியை அதிகாரி தொட்டால் என்ன ஆகும் என்ற பாடம் அங்கேதான் எழுதப்பட்டது. விதியை வாபஸ் வாங்கினார்கள், கிரேடாக்கையும் கவர்னர் பென்டிங்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். இன்றைய ராணுவம் பண்டிட்டையும் மௌல்வியையும் பாதிரியாரையும் சீக்கியக் கிரந்தியையும் ஜே.சி.ஓ. என்ற இளநிலை அதிகாரி அந்தஸ்தில் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது. பல முகாம்களில் சர்வ தர்ம ஸ்தலம் என்று ஒரே கூரையின் கீழ் எல்லாச் சாமியும் இருக்கும். அப்பா அங்கே விழுந்து கும்பிட்டுவிட்டு வந்தவர். ஊரில் மசூதி வாசலில் மந்திரித்துக்கொள்ள எங்களைத் தூக்கிப்போனதும் அவர்தான்; அதை மத நல்லிணக்கம் என்று யாராவது மேடையில் சொன்னால் அவருக்குச் சிரிப்பு வரும்.

ஆனால் லீவு என்று வந்தால் ஒரே தெய்வம். ஆண்டுக்கு 60 நாள் விடுப்பை வைகாசி முதல் தேதியைச் சுற்றித்தான் கேட்பார்கள். அன்று குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் தலை மட்டும் ஊர்வலமாகப் புறப்பட்டு, தேங்காய் உடைந்து உடைந்து தெரு ஈரமாக, கௌண்டன்ய ஆற்றங்கரைக் கோபாலபுரத்தில் உடலோடு சேரும். கதை தெரிந்ததுதான். ஜமதக்னி தன் மகன் பரசுராமனிடம் தாயை வெட்டச் சொல்கிறார், அவன் வெட்டுகிறான், அடைக்கலம் கொடுத்த பெண்ணின் தலையும் கூடவே போகிறது. வரம் கேள் என்றதும் தாயைத் திருப்பிக் கேட்கிறான், அவசரத்தில் தலைகள் மாறிவிடுகின்றன. தகப்பன் சொல்லைத் தட்டாத மகன் என்றுதான் இதை எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பாதி பிடித்ததில்லை. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துவிட்டு, அதே வாயால் வீட்டாளைத் திருப்பிக் கேட்கிற பாதிதான் பட்டாளத்து ஊருக்குப் பொருந்துகிறது.

மிலிட்டரிக்காரர் என்றால் பிள்ளைகளை விடியற்காலம் எழுப்பி ஓடவிடுவார் என்று சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறது. நான் பார்த்த வீடுகளில் அப்படி இல்லை. பத்து மாதம் வெளியே இருந்தவருக்கு வீட்டில் அதிகாரம் ஏது? அரிசி எங்கே இருக்கிறது, யாருக்குக் கடன் பாக்கி, எந்தப் பிள்ளைக்கு எந்த வாத்தியார் என்பதெல்லாம் மனைவிக்குத்தான் தெரியும். அவர் விருந்தாளி மாதிரி கேட்டுக் கேட்டுத்தான் தந்தையாக இருந்தார். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சின் பனிச்சரிவில் 19ஆவது மதராஸ் பட்டாலியனின் பத்துப் பேர் புதைந்தபோது, வேலூர் மாவட்டத் துக்கம்பாறை ஹவில்தார் ஏழுமலையும் அதில் ஒருவர். அந்த வாரம் குடியாத்தத்துக் கிழவர்கள் செய்தி ஓடிய டிவி முன்னால் உட்கார்ந்தபடி பேசியது வீரத்தைப் பற்றி அல்ல. லீவு எப்போது கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது. நடத்தை என்ற இடத்தில் ‘எக்ஸம்ப்ளரி’ என்று எழுதி அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதற்கு மேல் மதிப்பீடு கிடையாது. ஒருமுறை அதன் பொருளை அம்மாவுக்குச் சொன்னேன்.

“இன்னா எக்ஸம்ப்ளரி?” என்றாள். “லீவுல வந்தா பால் வாங்கப் போயி, எவனோ பட்டாளத்துக்காரனைப் பாத்துப் பேசிட்டு, வெறும் சொம்போட வருவாரு. அதையும் எழுதச் சொல்லு.”