மசுடா கோசோ

மசுடா கோசோ (1918–1991) ஜப்பானியச் சதுரங்கமான ஷோகியின் தொழில்முறை ஆட்டக்காரர். அன்றிருந்த மெய்ஜின், ஒன்பதாம் தான், ஓஷோ என்னும் மூன்று பட்டங்களையும் ஒருசேர வைத்திருந்த முதல்வர்.

ஹிரோஷிமா மாகாணத்தில், இன்றைய மியோஷி நகரைச் சேர்ந்த சிற்றூரில் 1918 மார்ச் 21 அன்று உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1932-இல், பதினான்கு வயது நிரம்புமுன், வீட்டுக்குச் சொல்லாமல் கிளம்பினார். போகும்போது தாயின் தையல் அளவுகோலின் பின்புறத்தில் ஒரு சூளுரையை எழுதிவைத்தார்: மெய்ஜினுக்கு ஈட்டிக்காய் விட்டுக்கொடுத்து வெல்வேன். இதன் வாசகம் நூலுக்கு நூல் சற்று மாறினாலும் பொருளில் வேறுபாடில்லை. ஷோகியில் வலியவர் தம் காய் ஒன்றை எடுத்துவைத்துவிட்டு எளியவரோடு ஆடுவது உண்டு. மெய்ஜினோ அந்த ஆட்டத்தின் தலைமைப் பட்டம். 1930-களின் நடுப்பகுதிவரை ஆயுட்காலப் பட்டமாகவே இருந்தது. அந்தப் பட்டக்காரருக்கே சலுகை தருவதாக ஒரு கிராமத்துச் சிறுவன் எழுதியதை வீட்டார் பொருட்படுத்தியிருக்க வாய்ப்பில்லை.

ஒசாகாவில் கிமி கின்ஜிரோவிடம் மாணவராகச் சேர்ந்து, 1936-இல் நான்காம் தான் தரத்தை எட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு அதே வீட்டில் மாணவராக வந்து சேர்ந்தவர், ஐந்து வயது இளையவரான ஓயாமா யசுஹாரு. போர்க்காலத்தில் மசுடா படையில் சேர்க்கப்பட்டு, பசிபிக்கின் பொன்பே தீவுக்கு அனுப்பப்பட்டார்; அங்கே கெட்ட உடல்நலம் பின்னர் முழுமையாகத் தேறவில்லை.

போருக்குப் பின் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் அவரை அழைத்து, பிடித்த காய்களை எதிரிக்கு எதிராகவே இறக்கும் ஷோகி, கைதிகளைக் கொடுமைப்படுத்துவது ஆகாதா என்று கேட்டதாகவும், வெட்டிய காயைக் கொன்றுவிடும் மேலைச் சதுரங்கமே கொடியது, ஷோகியோ கைதிக்கும் வேலை தருகிறது என்று அவர் மடக்கியதாகவும் ஒரு செய்தி உண்டு. அவருடைய தன்வரலாறே இதற்கு முதன்மை ஆதாரம் என்பதால், உரையாடலைச் சொல்லுக்குச் சொல் ஏற்க இயலாது. அவருடைய குணத்துக்கு அது பொருந்தத்தான் செய்கிறது.

1948-இல் மெய்ஜினை எதிர்த்தாடும் உரிமைக்காக, கோயா மலையில் ஓயாமாவும் மசுடாவும் மூன்று ஆட்டங்களில் மோதினர். முடிவை நிர்ணயித்த மூன்றாம் ஆட்டத்தின் இறுதியில், வெற்றி கைக்கெட்டிய நிலையில், முற்றுகைக்கு ஆளான அரசனைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தி மசுடா தோற்றார். ஷோகி உலகில் இன்றும் பேசப்படும் பிழை இது. ஓயாமா அந்த ஆண்டு அப்போதைய மெய்ஜின் ட்சுகாதா மசாவோவிடம் தோற்றாலும், 1952-இல் கிமுரா யோஷியோவை வென்று மெய்ஜின் ஆனார்.

அதே 1952-இன் தொடக்கத்தில் ஓஷோ தொடரில், அப்போது மெய்ஜினாக இருந்த கிமுராவை மசுடா 4–1 என வென்றிருந்தார். பட்டம் முடிவானபின்னும் எஞ்சிய ஆட்டங்கள் தொடரும், மூன்று வெற்றிகள் முந்தியவர் அடுத்த ஆட்டத்தில் ஈட்டிக்காய் விட்டுத்தர வேண்டும் என்பது அத்தொடரின் விதி. சூளுரை நிறைவேறவிருந்தது. ஆனால் கனகாவா மாகாணத்து ட்சுருமாகி வெந்நீர் ஊற்றில் உள்ள ஜின்யா விடுதிக்குப் போன அவர், ஆறாம் ஆட்டத்தை ஆட மறுத்துவிட்டார். வாசலில் மணியடித்தும் யாரும் வரவில்லை என்பது அவர் சொன்ன காரணம். மெய்ஜினைச் சலுகை ஆட்டத்தில் அவமதிக்க மனமில்லை என்போரும், ஷோகி சங்கத்தின் உள்பூசலைச் சுட்டுவோரும் உளர். சங்கம் விதித்த ஓராண்டுத் தடை, எதிர்ப்பு எழுந்தபின் கிமுராவின் சமரசத்தால் விலக்கப்பட்டது. வரும் விருந்தினரை முரசறைந்து வரவேற்கும் அவ்விடுதியின் வழக்கத்துக்கு இச்சம்பவமே காரணம் என்பர்.

1956 ஜனவரியில் அவருக்கு மறுவாய்ப்பு வந்தது. ஓஷோ தொடரில் மெய்ஜின் ஓயாமாவைத் தொடர்ந்து மூன்று முறை வென்றவர், நான்காம் ஆட்டத்தை ஈட்டிக்காய் இன்றித் தொடங்கி அதையும் வென்றார். மெய்ஜினுக்கு ஈட்டிக்காய் விட்டுக்கொடுத்து வென்றவர் ஷோகி வரலாற்றில் அவர் ஒருவரே. அளவுகோலில் எழுதி இருபத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு ஓயாமாவிடமிருந்து மெய்ஜின் பட்டத்தையும் பறித்து மும்முடி சூடினார். 1959-இல் மெய்ஜின் பட்டம் மீண்டும் ஓயாமாவிடம் போனது. மசுடா பெற்ற பட்டங்கள் மொத்தம் ஏழு.

1960-களில் பெரும்பாலும் ஓயாமாவே வென்றார். 1971 மெய்ஜின் தொடரில், 53 வயதில், இஷிதா என்னும் தொடக்க ஆட்ட முறையைத் தாமே புதுக்கி ஆடிய மசுடா 3–4 எனத் தோற்றார். வென்றவரின் ஆட்டங்களைவிட அந்தத் தோல்வியின் ஆட்டங்களே அதிகம் படிக்கப்படுகின்றன எனலாம். 1979-இல் ஓய்வுபெற்றார். 1988-இல், போட்டி வழியே மெய்ஜினான நான்காமவர் என்ற சிறப்புப் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. 1991 ஏப்ரல் 5 அன்று மறைந்தார்.

புதிய நகர்வு காண்பதே ஆட்டக்காரரின் வாழ்நாள் பணி என்பது அவர் கொள்கை. அதையொட்டி, புதிய நகர்வுகளுக்கும் உத்திகளுக்கும் ஜப்பான் ஷோகி சங்கம் மசுடா கோசோ விருதை வழங்கிவருகிறது. ஃபுஜி தகேஷி வகுத்த ஃபுஜி முறை அவ்விருதைப் பெற்றவற்றுள் ஒன்று.