ரிவர் ரெய்டும் மறக்கப்பட்ட வேறு சில வீடியோ ஆட்டங்களும்

வீடியோ ஆட்டங்களின் வரலாறு என்று தேடினால் பாங், ஸ்பேஸ் இன்வேடர்ஸ், பேக்-மேன், சூப்பர் மாரியோ என்ற பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றின் புகழ் நியாயமானதுதான். ஆனால் அதே காலத்தில் வெளிவந்து, அடுத்த தலைமுறை ஆட்டங்களுக்கு வழிபோட்டுக் கொடுத்த சில ஆட்டங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. அவற்றை ஆக்கியவர்களின் பெயர்கள் இன்னும் பின்னுக்குப் போயின. ஒரு நாவலைச் சொன்னால் ஆசிரியர் பெயரையும் சேர்த்தே சொல்லப் பழகிய நாம், ஒரு வீடியோ ஆட்டத்தைச் சொல்லும்போது அதை எழுதியவர் யார் என்று கேட்பதேயில்லை. இப்பழக்கத்துக்குக் காரணம் ஆடுபவர்கள் மட்டுமல்லர். பெயரை வெளியிடக்கூடாது என்று நிறுவனமே முடிவு செய்திருந்த காலம் ஒன்று இருந்தது.

கார்ட்ரிட்ஜ் வந்த கதை

வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் முதல் கருவியான மேக்னவாக்ஸ் ஒடிசி 1972-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதற்கு அடிப்படையான கருவியை உருவாக்கியவர் ரால்ஃப் பேர். இவர் 1938-இல் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா சென்ற யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஒடிசியில் ஒலி கிடையாது. மதிப்பெண்ணைக்கூட ஆடுபவர்களே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதனுடன் அட்டைகள் சில தரப்பட்டன. அவை உள்ளே இருக்கும் மின்சுற்றுகளின் இணைப்பை மாற்றுமே தவிர, அவற்றுக்குள் நிரல் எதுவும் இல்லை.

நிரலையே ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து, அதைச் செருகி ஆடும் முறை 1976-இல் ஃபேர்சைல்ட் நிறுவனத்தின் சேனல் எஃப் கருவியோடு வந்தது. இக்கருத்தை முதலில் வடிவமைத்தவர்கள் ஆல்பெக்ஸ் என்ற சிறு நிறுவனத்தின் வாலஸ் கிர்ஷ்னர், லாரன்ஸ் ஹாஸ்கெல் ஆகிய இருவர். அதைக் கடையில் விற்கத்தக்க பொருளாக ஆக்கிய பொறியாளர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜெரி லாசன். அன்றைய சிலிக்கான் பள்ளத்தாக்கில் விரல்விட்டு எண்ணத்தக்க கறுப்பினப் பொறியாளர்களில் அவர் ஒருவர். ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்கும் பொத்தானும் இக்கருவியில் இருந்தது. சாப்பிடக் கூப்பிடும்போது ‘பாஸ்’ பொத்தானைத் தட்டிவிட்டுப் போகும் இன்றைய பிள்ளைகளுக்கு இந்தச் செய்தி பிடிக்கும்.

அடுத்த ஆண்டே அடாரியின் கருவி (பின்னாளில் அடாரி 2600 என்று பெயர் பெற்றது) வந்து சந்தையை எடுத்துக்கொண்டது. சேனல் எஃப் மறக்கப்பட்டது. சர்வதேச ஆட்ட வளர்ப்பாளர் சங்கம் லாசனைப் பாராட்டியது 2011 மார்ச்சில். அவர் மறைந்தது அடுத்த மாதம்.

சாம்பல் நிறப் புள்ளி

அடாரியில் ஓர் ஆட்டத்தைப் பெரும்பாலும் ஒரே மனிதர்தான் முழுமையாக ஆக்கினார். கதை, படம், ஒலி, நிரல் எல்லாம் அவர் பொறுப்பு. ஆயினும் பெட்டியின் மேல் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருந்தது. எழுதியவருக்கு மாதச் சம்பளம் உண்டு. விற்பனையில் பங்கு கிடையாது.

வாரன் ராபினெட் இதை வேறு விதமாக எதிர்கொண்டார். அவர் ஆக்கிய ‘அட்வெஞ்சர்’ என்ற ஆட்டத்தில் ஒரு சிறு சதுரம்தான் நாயகன். மூன்று கோட்டைகள், மூன்று டிராகன்கள், கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு வௌவால். மந்திரக் கிண்ணத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஒரு திரையிலிருந்து வெளியேறினால் அடுத்த அறை வரும் என்பது இன்று சாதாரணம். அன்று வீட்டுக் கன்சோல்களில் அது புதுமை. இந்த ஆட்டத்துக்குள், பின்னணியின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளி ஒன்றை ராபினெட் ஒளித்து வைத்தார். அதைத் தேடி எடுத்துக் குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டு சென்றால் ஒரு ரகசிய அறை திறக்கும். அங்கே, இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட் என்று எழுதியிருக்கும். மேலதிகாரிகளிடமோ உடன் பணியாற்றியவர்களிடமோ அவர் இதைச் சொல்லவில்லை. அவர் வேலையை விட்டுப் போன பிறகு, ஆடிய சிறுவன் ஒருவன் கண்டுபிடித்துக் கடிதம் எழுதியதால்தான் அடாரிக்கே விஷயம் தெரிந்தது. இப்படி ஒளித்து வைப்பதற்கு ‘ஈஸ்டர் முட்டை’ என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது. இதற்கு முன்பும் சிலர் பெயரை ஒளித்திருக்கிறார்கள். ஆகவே இதுவே உலகின் முதல் ஈஸ்டர் முட்டை என்று எழுதுவது சரியன்று. என் கணிப்பில் இதன் சிறப்பு வேறு. பிறர் விளையாட்டாகச் செய்ததை ராபினெட் உரிமைக் குரலாகச் செய்தார்.

ரிவர் ரெய்டு

பெயர் வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டவர்களும் இருந்தனர். டேவிட் கிரேன், லாரி கப்லன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட் ஆகிய நால்வரும் அடாரியை விட்டு விலகி 1979-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினர். கன்சோல் ஒன்றுக்கு, அதைத் தயாரிக்காத வேறொரு நிறுவனம் ஆட்டம் எழுதி விற்பது அதுவே முதல் முறை. அடாரி வழக்குத் தொடுத்தது. 1982-இல் அது சமரசத்தில் முடிந்தது. ஆக்டிவிஷன் தன் ஆட்டங்களில் ஆக்கியவர் பெயரை அச்சிட்டது. கையேட்டில் அவருடைய படமும் குறிப்பும் இருந்தன.

அந்த நிறுவனத்தில் 1982-இல் சேர்ந்தவர் கரோல் ஷா. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்தவர். 1978-இல் அடாரியில் சேர்ந்து, முப்பரிமாண டிக்-டாக்-டோ, வீடியோ செக்கர்ஸ் ஆகியவற்றை எழுதியிருந்தார். விண்வெளிப் போர் ஆட்டங்கள் அப்போதே மலிந்துவிட்டதால் அவர் வானத்தை விட்டு ஆற்றுக்கு வந்தார். ஆற்றின் மேல் ஒரு விமானம் பறக்கிறது, இருபுறமும் கரை, எதிரே கப்பல், ஹெலிகாப்டர், பாலம். அவ்வளவுதான் ரிவர் ரெய்டு.

இதன் உயிர் எரிபொருளில் இருக்கிறது. ஆற்றில் ஆங்காங்கே எரிபொருள் கிடங்குகள் வரும். அவற்றின் மேலே பறந்தால் தொட்டி நிரம்பும். வேகத்தைக் குறைத்தால் அதிகம் நிரம்பும். ஆனால் அதே கிடங்கைச் சுட்டால் 80 புள்ளிகள் கிடைக்கும். கப்பலுக்கு 30, ஹெலிகாப்டருக்கு 60 மட்டுமே. நிரப்புவதா, சுடுவதா? பாதி நிரப்பிவிட்டுக் கடைசி நொடியில் சுடலாமா? இந்தச் சிறு பேராசைதான் ஆடுபவரைத் திரும்பத் திரும்ப அமர வைத்தது. இத்தனை எளிய விதியில் இத்தனை மனப்போராட்டத்தை வைத்த வேறோர் ஆட்டத்தை நான் ஆடியதில்லை.

நிரலின் அளவைப் பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். முழு ஆட்டமும் 4 கிலோபைட் கார்ட்ரிட்ஜில் அடங்கியது. இக்கட்டுரையின் தமிழ் எழுத்துகளைக் கணினியில் சேமித்தால் அதில் கால் பங்குகூட 4 கிலோபைட்டில் கொள்ளாது. அடாரி 2600-இன் தற்காலிக நினைவகமோ 128 பைட் மட்டுமே. நீண்டுகொண்டே போகும் ஓர் ஆற்றின் வரைபடத்தை இதற்குள் எப்படி வைப்பது? ஷா வைக்கவேயில்லை. ஓர் எண்ணை எடுத்து, அதன் பிட்களை ஓரிடம் நகர்த்தி, வெற்றிடத்தில் சில பிட்களைச் சேர்த்துக் கணக்கிட்ட விடையை நிரப்பினால் புதிய எண் கிடைக்கும். அதிலிருந்து அடுத்தது. இந்த எண்கள் பார்வைக்குத் தாறுமாறாக இருக்கும். ஆனால் தொடக்க எண் மாறாதவரை வரிசையும் மாறாது. கரை எங்கே குறுகும், தீவு எங்கே வரும், கப்பல் எங்கே நிற்கும் என்பதை எல்லாம் இந்த எண்களே தீர்மானித்தன. ஆகவே ஒவ்வொரு முறையும் அதே ஆறு. ஆற்றைச் சேமிக்காமல், ஆற்றைப் பிறப்பிக்கும் விதியை மட்டும் சேமித்தார்.

1990களில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்த ‘டிவி கேம்’ பெட்டிகளில் பல, பழைய அடாரி, நின்டெண்டோ கருவிகளின் நகல்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பெட்டியில் ஆட்டங்களுக்கு எண் மட்டுமே உண்டு, பெயர் கிடையாது. பிள்ளைகள் இதை ‘பிளேன் கேம்’ என்றார்கள். மூன்றாம் பாலம் தாண்டியதும் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும், அப்புறம் ஹெலிகாப்டர் வரும் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். விடைத்தாள் திருத்தி முடித்த இரவுகளில் நானும் ஆடியிருக்கிறேன். ஆக்டிவிஷன் போராடி அச்சிட்ட பெயர், நகல் பெட்டி வழியாக எங்களிடம் வந்து சேரும்போது மீண்டும் காணாமல் போயிருந்தது.

மேற்கு ஜெர்மனியில் இந்த ஆட்டத்துக்கு வேறு சோதனை காத்திருந்தது. சிறுவர்களுக்குத் தீங்கானவை என்று கருதப்பட்ட வெளியீடுகளின் அரசுப் பட்டியலில் 1984-இல் ரிவர் ரெய்டு சேர்க்கப்பட்டது. போர் மனப்பான்மையை வளர்க்கிறது என்பது குற்றச்சாட்டு. சதுரங்களாலான கப்பலைச் சுடுவதால் பிள்ளைகள் போர்வெறியராவார்கள் என்பதை, வகுப்பறையில் பல்லாண்டு நின்ற என்னால் ஏற்க முடியவில்லை. பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது 2002-இல்தான்.

பழியால் மறைந்தது

ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற பெயர் இன்று தெரிகிறது என்றால், அது அவர் சுமார் ஐந்து வாரங்களில் எழுத நேர்ந்த ‘ஈ.டி.’ ஆட்டத்தின் தோல்வியால். விற்காத கார்ட்ரிட்ஜ்கள் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோவில் புதைக்கப்பட்டதும், 2014-இல் தோண்டி எடுக்கப்பட்டதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. அதே ஆண்டு, 1982-இல், அவர் எழுதி வெளியான ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ அடாரியின் சிறந்த ஆட்டங்களில் ஒன்று. ஒரு பூச்சி எதிரியின் கேடயத்தைக் கொறித்துத் தின்று வழி உண்டாக்கும் ஆட்டம் அது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

இன்றைய நிலை

அமெரிக்காவின் வீடியோ ஆட்ட வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று கடைகளில் வாங்கக் கிடைப்பதில்லை. பழைய கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவரைத் தேட வேண்டும், அல்லது அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும், அல்லது அனுமதியில்லாத நகலை நாட வேண்டும்.

கரோல் ஷா 1984-இல் ஆக்டிவிஷனை விட்டு விலகினார். 1990-இல் பணி ஓய்வும் பெற்றுவிட்டார். 2017-இல் அவருக்கு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் துறை முன்னோடி விருது வழங்கப்பட்டது. ரிவர் ரெய்டின் நிரலைத் தாளில் அச்சிட்ட படியை அவர் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரிலுள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.