நிரலின் கண்ணாடி

ஒரு நிரல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியுமா? தத்துவ வகுப்பில் எழ வேண்டியதுபோல் தோன்றும் இக்கேள்வி, இன்று நாம் புழங்கும் பல மென்பொருள்களின் அடித்தளத்தில் இருக்கிறது.

எழுபதுகளில் கலிஃபோர்னியாவின் ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஸ்மால்டாக் மொழி உருவானது. அதில் எல்லாமே பொருள்கள். எந்தப் பொருளிடமும் 'நீ எந்த வகுப்பு?' என்று கேட்கலாம். விடையாக வரும் வகுப்பும் ஒரு பொருளே. எனவே அதனிடமும் அதன் தாய் வகுப்பு எது, அது அறிந்த செயல்கள் எவை என்று விசாரிக்கலாம்.

இதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர் பிரையன் கான்ட்வெல் ஸ்மித். 1982-இல் எம்.ஐ.டி.யில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில், தன் இயக்கத்தையே ஆராய்ந்து மாற்றவும் வல்ல 3-லிஸ்ப் என்ற மொழியை அவர் முன்வைத்தார். தன்னைப் பற்றிய சித்திரம் வெறும் படமாக நின்றுவிடக் கூடாது. சித்திரத்தை மாற்றினால் நிரலும் மாற வேண்டும் என்பது அதன் சாரம். 1987-இல் பாட்டி மாஸ் இச்சிந்தனையைப் பொருள்நோக்கு மொழிகளுக்குக் கொண்டுவந்தார்.

1997-இல் ஜாவா 1.1 இதை அன்றாடக் கருவியாக்கியது. முன்பின் அறியாத ஒரு வகுப்பை, நிரல் ஓடும்போதே திறந்து அதன் உறுப்புகளைப் பட்டியலிடலாம். கென்ட் பெக்கும் எரிக் காமாவும் உருவாக்கிய ஜேயூனிட், பெயர் 'டெஸ்ட்' என்று தொடங்கும் செயல்களை இவ்வாறே தேடிக் கண்டுபிடித்து இயக்கியது.

ஆனால் கண்ணாடி எல்லாவற்றையும் காட்டிவிடும். 1998-இல் வந்த ஜாவா 1.2, 'தனியுடைமை' என்று பூட்டிய உறுப்புகளையும் தொட வழி தந்தது. பிறர் பார்க்கமாட்டார்கள் என்று நம்பி எழுதப்பட்ட உள்விவரங்களின்மேல் நூலகங்கள் கட்டி எழுப்பப்பட்டன. உள்ளே ஒரு கல்லை நகர்த்தினால் வெளியே சுவர் விழும் என்ற நிலை. ஜாவா தன் அந்தரங்கத்துக்கு 2017-இல் வேலியிட்டது. 2021-இல் வந்த 16-ஆம் பதிப்பு அதை இறுக்கியது.

இதற்கு வேறொரு விடையும் இருந்தது. பொருளே தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, கண்ணாடி தனியே இருக்கட்டும், அது யார் கையில் என்பதை நாம் தீர்மானிப்போம் என்று 2004-இல் கிலாட் பிராகாவும் டேவிட் அங்கரும் வாதிட்டனர். சி++ மொழியோ நிரல் ஓடும் முன்பே, தொகுக்கும் தருணத்திலேயே கண்ணாடியைப் பிடிக்கிறது. 2025 ஜூனில் சோஃபியாவில் கூடிய தரக்குழு அதை ஏற்றது.

தன்னை அறிய முடியுமா என்று தொடங்கிய விசாரணை, யார் அறியலாம், எப்போது அறியலாம் என்பதில் வந்து நிற்கிறது. முதல் கேள்வியைவிட இதுவே கடினமானது.